பொன்னாடைக்குப் பிறகு

(திருப்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற ஊரில் அது சாதாரண விஷயமில்லை. அதனால் முகவுரையைச் சுருக்கிக்கொண்டு தலைப்புக்கு வந்துவிடுகிறேன்.

நம்ம ஊருக்கு வராத தலைவர் இல்லை. கதர் காலத்தில் காந்தி வந்தார். பனியன் வளர்ந்து அன்னியச் செலாவணி வரத் தொடங்கியதும் அதன் பின்னாலேயே அமைச்சர்கள் வந்தார்கள். பிரதமர் மோடி 2019 பிப்ரவரியில் பெருமாநல்லூருக்கு வந்து நூறு படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 2024 பிப்ரவரியில் பல்லடத்துக்கு வந்தார். ராகுல் காந்தி 2021 ஜனவரியில் கோவையில் சிறு தொழில் செய்வோரிடம் பேசிவிட்டு இங்கே வந்தார், குமரனுக்கு மாலை போட்டார், ஓடாநிலையில் நெசவாளர்களோடு உட்கார்ந்து பேசினார். இந்த மண்ணில் பிறந்த சி.பி. ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவரான பிறகு 2025 அக்டோபரில் ஊருக்கு வந்தார். எந்தக் கட்சியானாலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். குமரன் சிலைக்கு மாலை, ஒரு மண்டபத்தில் தொழில்துறையினரோடு கலந்துரையாடல், பொழுது சாய்ந்ததும் பொதுக்கூட்டம். மாலையைப் பற்றியும் மேடையைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. நடுவில் இருக்கிறதே, அந்த மண்டபம், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

உங்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். பதினோரு மணி என்று அச்சடித்திருந்தால் பன்னிரண்டரைக்குத் தொடங்கும். முன்வரிசை சோபாக்களில் சங்கத் தலைவர்கள். யாருக்கு அடுத்து யார் என்பதில் முதல்நாள் இரவு வரை போன் ஓடியிருக்கும். பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு. பிறகு பிளாஸ்டிக் பைலில் கோரிக்கை மனு. வருகிறவர் மத்திய அமைச்சர் என்றால் மனு ஆங்கிலத்தில், மாநில அமைச்சர் என்றால் தமிழில். கொடுப்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, போட்டோகிராபர் தலையாட்டும்வரை நிற்பார்கள். மறுநாள் பத்திரிகையில் வருவது அந்த நாலு விநாடிதான். அதற்கப்புறம் மனு உதவியாளர் கைக்குப் போகும், அவர் கையிலிருந்து ஒரு பைக்குள் போகும். அந்தப் பைக்குள் அன்றைக்கு ஏற்கெனவே அவிநாசியிலும் பெருந்துறையிலும் வாங்கிய மனுக்கள் இருக்கும்.

இதைக் கிண்டலடிக்க நான் வரவில்லை. இந்த மண்டபங்களில் வேலை நடந்திருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது நம்முடைய முதல் கலவரம் ஜாப் ஒர்க் வரி. வெளியூர்க்காரருக்கு ஒரு டீ-ஷர்ட் என்றால் ஒரு கம்பெனி தைப்பது. இங்கே நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம். கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூரையின் கீழ் நடக்கும். ஆடை தைக்கும் கூலிக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். கட்டிய வரி பின்னால் திரும்பி வரும் என்பது சட்டம். திரும்பி வரும்வரை சனிக்கிழமை சம்பளத்துக்கு எதை எடுத்துக் கொடுப்பது? இங்கிருந்து போன மனு சரியாக அந்த ஓர் இடத்தைத் தொட்டது. ஆகஸ்ட் 5 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஜவுளி, ஆடை ஜாப் ஒர்க் வரியை 5 சதவீதமாக்கியது. ஒரு மாதத்துச் சொச்சத்தில் முடிந்த வேலை. எண் சரியாக இருந்தது, கேட்டவர்கள் பல மாநிலத்தில் இருந்தார்கள், எதிர்த்துப் பேச ஆளில்லை.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். எதிர்த்துப் பேச ஆளிருக்கும்போதுதான் நம்முடைய கலந்துரையாடல்களின் சாயம் வெளுக்கிறது.

2022இல் நூல் விலை ஏறியது நினைவிருக்கும். மே 16, 17 இரண்டு நாளும் ஊர் கதவடைத்தது. கனிமொழி தலைமையில் எம்.பி.க்கள் டெல்லியில் நிதியமைச்சரையும் ஜவுளி அமைச்சரையும் பார்த்தார்கள். பஞ்சு இறக்குமதி மீதான 11 சதவீத வரி ஏப்ரல் நடுவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நம் கோரிக்கை அதோடு நிற்கவில்லை. நூல் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்து என்றோம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கோவையில் இருக்கும் மில்காரர் காதில் அது எப்படி விழும்? விதர்பாவிலும் குஜராத்திலும் பருத்தி போட்டவர் காதில் இறக்குமதி வரி ரத்து எப்படி விழும்? தலைவர்கள் திருப்பூர் மண்டபத்தில் தலையாட்டினார்கள். மில் அதிபர்கள் மண்டபத்திலும் தலையாட்டினார்கள். பருத்தி விவசாயி மாநாட்டிலும் ஆட்டியிருப்பார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று தரப்பையும் மூன்று மண்டபத்தில் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று இடத்திலும் தலையாட்டத்தான் வரும். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் தலைவர் யாரையாவது பார்த்து இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் இதே கதை. ஆகஸ்டிலேயே பஞ்சு இறக்குமதி வரியை எடுத்துவிட்டு, பிறகு டிசம்பர் வரை நீட்டித்தார்கள். நமக்கு அது ஆறுதல், பருத்திக்காட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல். நம் மண்டபத்தில் அவருடைய பெயர்கூட யார் வாயிலும் வரவில்லை.

இவ்வளவு சுற்றி வளைத்து நான் சொல்ல வருவது இதுதான். அரசியல்வாதி தொழில்துறையைச் சந்திக்கும் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதைவிட, யாரை அழைக்கவில்லை என்பதுதான் பின்னால் வந்து ஊரை அசைத்திருக்கிறது. இதற்கு நொய்யலைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்கு நீர் கொடுக்க வேண்டிய அணை நம்முடைய சாயத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டியானது. சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். அந்த உப்பு ஆற்றில் இறங்கும், கிணற்றில் ஏறும். அணை நிறைந்தால் கெடா வெட்டிப் பொங்கல் வைக்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயி, தயவுசெய்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் நிலைக்கு வந்தார். அந்த ஆண்டுகளில் நம்ம ஊருக்கு வந்த அமைச்சர்களிடம் ஏற்றுமதி இலக்கு பேசினோம், சாலை பேசினோம், தண்ணீர் பற்றாக்குறை பேசினோம். தண்ணீர் பற்றி நிறையவே பேசினோம். வரும் தண்ணீரைப் பற்றி மட்டும். பவானியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரப் புதுத் திருப்பூர் திட்டம் வந்தது. போகும் தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்று கேட்கக்கூடியவர் அந்த மண்டபத்தில் இல்லை. அவர் பெயர் அழைப்பிதழ்ப் பட்டியலில் இல்லை.

அழைக்கப்படாதவர் உயர் நீதிமன்றம் வழியாக வந்து சேர்ந்தார். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003இல் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் என்று உத்தரவு. நம்மவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் விவசாயி பக்கம்தான் தீர்ப்பு. கழிவு வெளியேற்றம் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்த மாதங்களில் துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்குச் சாயத்துக்கு அனுப்பியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. எல்லாக் கட்சிக்காரரும் ஓடி வந்தார்கள், எல்லா மண்டபங்களும் நிறைந்தன, ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எதிர்த்தரப்பு தீர்ப்போடு நிற்கும்போது மனுவுக்கு என்ன பலம்? பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, சொட்டுத் தண்ணீர் வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது. இன்றைக்கு ஐரோப்பிய பையர் வந்தால் முதலில் அவரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கூட்டிப் போகிறோம். விவசாயி கழுத்தைப் பிடித்துச் செய்ய வைத்தது நம்முடைய விற்பனைப் பேச்சாகிவிட்டது. அவருக்கு ஒரு பொன்னாடை போட்டிருக்கலாம். யாரும் போட்டதாக என் காதுக்கு வரவில்லை.

சரி, மண்டபத்துக்குள் இருப்பவராவது வாய் திறந்து பேச முடிகிறதா? 2024 செப்டம்பர் 11, கோவை கொடிசியா வளாகம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்துறையினரைச் சந்திக்கிறார். அன்னபூர்ணா ஓட்டல்களை நடத்தும் சீனிவாசன் எழுந்து பன்னுக்கு வரியில்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்ற விநோதத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் கேட்கிறாராம். கொங்குப் பேச்சின் அத்தனை நையாண்டியும் அதில் இருந்தது. வரிக் கோட்பாட்டைப் பற்றிய கூர்மையான கேள்வியும் இருந்தது. அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அடுத்து, அவர் அமைச்சரைத் தனியே சந்தித்து மன்னிப்புக் கேட்கும் வீடியோ ஒன்று வெளியாகி அதுவும் ஊரெல்லாம் ஓடியது. எதிர்க்கட்சிகள் கண்டித்தன, தனிப்பட்ட சந்திப்பைப் படமெடுத்து வெளியிட்டதற்கு அப்போது பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை வருத்தம் தெரிவித்தார்.

இதில் கட்சியைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. கூட்டத்துக்குக் கலந்துரையாடல் என்று பேர் வைத்துவிட்டு, கலந்து உரையாடியவருக்கு அந்தக் கதி என்றால், அடுத்த கூட்டத்தில் மைக் பிடிப்பவர் என்ன பேசுவார்? வாழ்த்துத்தான் பேசுவார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பார்த்த கூட்டங்களில் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் கூடியிருக்கிறது. எந்தக் கட்சியும் இதற்கு விலக்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பேக்கரிப் பண்டங்களுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்தது. 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கும் 5 சதவீதம் என்றானது. கிரீம் பன் கேள்வியால்தான் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். கேள்வியில் நியாயம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இனி மண்டபத்தின் கதவுக்கு வெளியே நிற்பவர். கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. முதலாளி வரலாம். மேனேஜர் வரலாம். பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டும் அம்மா வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. அவரை யாரும் தடுப்பதில்லை, நேரமே தடுத்துவிடுகிறது. ஜாப் ஒர்க் எடுத்து நாலு மெஷின் ஓட்டுபவரும் அப்படியே. டெலிவரி தள்ளிப்போனால் அடுத்த ஆர்டர் இல்லை. அவருடைய முக்கியமான குறையே, வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி பணத்தைத் தாமதமாகக் கொடுக்கிறது என்பதுதான். அந்தக் கம்பெனிக்காரர் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அவர் பின்வரிசையிலிருந்து எழுந்து என்னவென்று சொல்வார்? சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்தபோது காதர்பேட்டை பனியன் சந்தை வரைக்கும் சலசலப்பு. விதியைத் தள்ளிப்போடு என்று மனு போனது. விதியை வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டியவரின் குரல் அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

வடமாநிலத் தொழிலாளர் கதை இன்னும் ஒரு படி கீழே. அவருக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவருக்கு மண்டபம் இல்லை. 2023 பிப்ரவரி, மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, பீகார்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றபோதுதான் அவர்களோடு பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்தது. ஆட்சியரும் காவல்துறையும் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேசினார்கள், இந்தியில் அறிவிப்புக் கொடுத்தார்கள். முதல்வர் ஸ்டாலின் மார்ச் 7 அன்று திருநெல்வேலி மாவட்டம் காவல்கிணறில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் அந்தத் தொழிலாளர்களிடம் பேசினார். நல்ல காரியம்தான். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. வாடகை, குழந்தை படிப்பு, ரேஷன், இஎஸ்ஐ அட்டை என்று அவர்களுக்கும் கோரிக்கை உண்டு. அவற்றை மனுவாக எழுதிக்கொடுக்கச் சங்கம்தான் இல்லை.

ஒரே மேசையில் எல்லோரும் உட்கார முடியாது என்று சொல்வீர்கள். இந்த ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அத்தனை கசப்புக்குப் பிறகும் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சுற்றுச் சுற்றாகப் பேசி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடும் வழக்கம் இங்கே வேரூன்றியது. அந்த மேசையில் பொன்னாடை கிடையாது, டீயும் சத்தமும்தான். ஆனால் கையெழுத்தும் சதவீதமும் தேதியும் இருக்கும். குறை சொல்ல நிறைய உண்டு. ஒப்பந்தச் சம்பளம் காண்ட்ராக்டில் வேலை செய்பவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுக்கும் போக்கு வலுத்ததை, இங்கே தங்கி ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். இருந்தாலும் எதிரெதிர்த் தரப்பை எதிரெதிரே உட்கார வைக்கத் தெரிந்த ஊர் இது. 2019லும் 2024லும் ஏஐடியுசி தொழிற்சங்கத்தில் வளர்ந்த சுப்பராயனை எம்.பி.யாக அனுப்பிவிட்டு, அவர் கையிலேயே ஏற்றுமதியாளர் மனுவையும் கொடுக்கும் ஊர் இது!

மேசைக்குப் பதில் மேடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு விவசாயிகள் பக்கம் ஒரு வேடிக்கை. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காக மூன்று மாவட்டத்து மக்கள் தலைமுறை கடந்து போராடினார்கள். எடப்பாடி பழனிசாமி 2019இல் அடிக்கல் நாட்டினார், ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கி வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளுக்கு நீர் என்பது திட்டம். 2025 பிப்ரவரி 9 அன்று அன்னூர் அருகே திட்டக் கூட்டமைப்பினர் பழனிசாமிக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அப்போது பழனிசாமியின் அதிமுகவில் இருந்த செங்கோட்டையன் வரவில்லை. எம்ஜிஆர், ஜெயலலிதா படம் மேடையில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். கட்சி சார்பில்லாத விழா என்றார்கள் நடத்தியவர்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் பேசப்பட்டது பேனரில் இருந்த படங்களைப் பற்றி; எந்தக் குட்டைக்குத் தண்ணீர் வந்தது, எதற்கு வரவில்லை என்பதைப் பற்றி அல்ல. ஊர்ச் சங்கம் ஒன்று தலைவரை மேடைக்கு அழைத்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கண நேரத்தில் விழா அவர்களுடையதாகிவிடும்.

அழைத்தும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பக்கத்து மாவட்டத்து விவசாயிகள் 1996லேயே ஒரு வழி காட்டினார்கள். மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தல் ஆணையமே திணறியது. அதை இன்றைக்குப் பின்பற்றச் சொல்லவில்லை. டெபாசிட் தொகையையும் உடனே ஏற்றிவிட்டார்கள்!

அதைவிடச் செலவு குறைந்த வேலைகள் இருக்கின்றன. அடுத்த முறை எந்தத் தலைவர் வந்தாலும், கூட்டத்தை நடத்தும் சங்கங்கள் நேரத்தை ஞாயிறு காலைக்கு மாற்றட்டும். ஜாப் ஒர்க்கர், விசைத்தறிக்காரர், தொழிற்சங்கம், ஒரத்துப்பாளையத்துப் பக்கத்து விவசாயி, இந்தி பேசும் இரண்டு தொழிலாளர், அவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று அதே மண்டபத்தில் நாற்காலி போடட்டும். மனுவோடு ஒரு தாளை இணைத்து, எந்தத் தேதிக்குள் யாரிடமிருந்து பதில் என்று அங்கேயே எழுதி வாங்கட்டும். அந்தத் தாளைப் படமெடுத்து மறுநாள் பத்திரிகைக்குக் கொடுக்கட்டும். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்ததா இல்லையா என்று அதே பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வரவேண்டும். அதை எழுத நம்ம ஊரில் நிருபர்களுக்குப் பஞ்சமில்லை. வருகிற தலைவருக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். மில்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பனியன்காரருக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. சோபாவில் உட்கார்ந்து பழகிய நமக்கும் சங்கடம்தான். பணம் தரவில்லை என்று ஒருவர் எழுந்து நம்மையே கைகாட்டலாம்.

என் நேரம் முடிந்தது. கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதிக்கொடுக்க வேண்டாம், எழுந்து நின்று கேளுங்கள்.